காட்டுதலும் காணுதலும்

நூற்றுக்கு நாற்பது என்னும் ஓர் எண் சில ஆண்டுகளாக என் மனத்தை விட்டு நீங்காமல் இருக்கிறது. கல்லூரி மாணவன் ஒருவன் ஒரு செமஸ்டரில் பயிலும் பாடங்களில் நூற்றுக்கு இருபது வரையில் ‘ஸ்வயம்’ என்னும் அரசாங்க இணையதளத்தின் வாயிலாகப் படித்துத் தேறினால், அந்தத் தேர்ச்சியை அவனுடைய கல்லூரி தன் பட்டத்துக்குரிய கிரெடிட்டாக ஏற்றுக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-ஆம் ஆண்டில் விதி வகுத்தது. 2021-இல் அந்த இருபது நாற்பதாக உயர்ந்தது. அதே ஆண்டு மே மாதத்தில், கலப்புமுறைக் கல்வி குறித்து அக்குழு வெளியிட்ட கருத்துரையோ, ஒவ்வொரு பாடத்திலும் நாற்பது பங்கு வரையில் ஆன்லைன் மூலமாகவும் எஞ்சிய அறுபது பங்கை வகுப்பறையில் நேர்முகமாகவும் நடத்தலாம் என்று கூறிற்று. இருபது போதுமா, நாற்பது மிகையா என்னும் வழக்கில் நுழைய எனக்கு விருப்பமில்லை. அது நிருவாகத்தில் அனுபவம் முதிர்ந்தவர்கள் தீர்மானிக்க வேண்டிய காரியம். என்னைப் பற்றிக்கொண்டிருக்கும் கேள்வி வேறு. நாற்பதையும் அறுபதையும் பிரிக்கும் அந்தக் கோடு எதன்மேல் கிழிக்கப்பட்டிருக்கிறது? இரு பக்கத்திலும் பாடத்திட்டம் ஒன்றே. சொல்லப்படும் பொருள் ஒன்றே. எழுதும் தேர்வும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியிருந்தும், கல்லூரிக்கு வந்து படிக்கும் மாணவனின் முழு நூற்றையும் திரையின் வசம் ஒப்படைக்க விதி வகுத்தவர்களுக்கு மனம் வரவில்லை என்றால், அறுபதில் இருந்து நாற்பதில் இல்லாத பொருள் ஒன்று உண்டு என்று அவர்கள் உள்ளூர நம்பியிருக்க வேண்டும். அந்தப் பொருளுக்கு அவர்கள் பெயரிடவில்லை. நம் பெரியோர் இட்ட பெயர் சன்னிதி. சன்னிதி இன்னது என்று விசாரிக்கத் தொடங்கினால், நாம் அறியாமலே நிருவாகத்தை விட்டுத் தத்துவத்துக்குள், அதைத் தாண்டிச் சமயத்துக்குள்ளேயே வந்துவிடுகிறோம்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆசிரியரின் முகத்தைக் காணாமல் பட்டம் பெறுவது இந்தக் கணினி யுகம் கொண்டுவந்த அதிசயம் என்று பலர் எண்ணுகிறார்கள். 1857-இல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியபோது அது எவருக்கும் பாடம் சொல்லவில்லை. லண்டன் சர்வகலாசாலையை முன்மாதிரியாகக் கொண்டு, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் சபையாகவே அது நெடுங்காலம் இருந்தது. அந்த லண்டன் சர்வகலாசாலையும், எங்கே படித்தவரானாலும் தன் தேர்வுகளை எழுதலாம் என்று 1858-ஆம் ஆண்டுச் சாசனத்துக்குப் பிறகு கதவைத் திறந்துவிட்டது; அதனால் பிற்காலத்தில் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் தேம்ஸ் நதியைக் கண்ணால் காணாமலே லண்டன் பட்டதாரிகள் ஆனார்கள். ஆகவே சர்வகலாசாலை என்னும் ஸ்தாபனம் நம் நாட்டில் பிறக்கும்போதே சன்னிதியைத் தன் பொறுப்பாகக் கொள்ளவில்லை. கற்பிப்பதை ஊர்தோறும் இருந்த கல்லூரிகளிடம் விட்டுவிட்டு, கற்றதை அளப்பதை மட்டுமே கைக்கொண்டது. இன்றைய விதிகளில் மணிக்கணக்கையும் விழுக்காட்டையும் பற்றிய கவலை மிகுந்தும், ஆசிரிய மாணவ சம்பந்தத்தைப் பற்றிய பேச்சு குறைந்தும் காணப்படுவதற்கு இந்தப் பிறவிக் குணமும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கல்வியைப் பங்கு பிரித்துக் கணக்கிடும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. நன்னூல் செய்த பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் தொடுவதற்கு முன்பே, பாயிரத்தில் பாடம் சொல்லும் முறையையும் பாடம் கேட்கும் முறையையும் விரிவாக வகுத்திருக்கிறார். அங்கே அவர் போடும் கணக்கு, படிக்குந்தோறும் என்னை வியப்பில் ஆழ்த்துவது. ஆசிரியர் சொன்னதை மாணவன் எவ்வளவு செவ்வையாக மனத்தில் வாங்கிக்கொண்டாலும், அவனுக்குக் கிட்டுவது புலமையில் காற்பங்குதான். உடன் பயில்வாரோடு கூடிப் பழகுவதால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்குச் செவ்விதாக எடுத்துரைக்கும்போதுதான் கைகூடும். வடமொழியிலும் இதையொத்த வழக்கு ஒன்று உண்டு. அது ஆசிரியருக்கு ஒரு கால், மாணவனின் சொந்த மேதைக்கு ஒரு கால், உடன் கற்பாருக்கு ஒரு கால், காலத்துக்கு ஒரு கால் என்று பங்கிடுகிறது. ஆசிரியரைத் தெய்வத்துக்கு அடுத்தபடி வைத்துப் போற்றிய இரண்டு மரபுகளும் கணக்கு என்று வரும்போது அவருக்குக் காலுக்கு மேல் கொடுக்கவில்லை என்பதை, ஆசிரியத் தொழிலிலேயே தலை நரைத்த என்னைப் போன்றோர் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

2017-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கப்பெற்ற ஸ்வயமும் தன் பாடங்களை நான்கு கூறாகவே அமைத்திருக்கிறது: காணொளி விரிவுரை, படிப்பதற்குரிய எழுத்துப் பகுதி, மாணவன் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வினாக்கள், ஐயம் கேட்டு விவாதிப்பதற்குரிய இடம். பவணந்தியாரின் பங்குகளையும் இந்தக் கூறுகளையும் ஒருநாள் அருகருகே எழுதி வைத்துப் பார்த்தேன். ஆசிரியர் தரும் காற்பங்கு காணொளியிலும் எழுத்திலும் ஏறக்குறைய முழுமையாகவே இருக்கிறது. இருமுறை கேட்பவன் நூலில் பிழைபடமாட்டான், மும்முறை கேட்பவன் முறையறிந்து உரைக்க வல்லவனாவான் என்று முனிவர் கூறுவதற்கு வகுப்பறையைக் காட்டிலும் காணொளியே அதிகமாக இடம் கொடுக்கிறது. முப்பத்தோராண்டு தத்துவம் கற்பித்த என் வகுப்பில், ‘மூன்றாம் முறையும் சொல்லுங்கள், ஐயா’ என்று கேட்கத் துணிந்த மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உடன் பயில்வார் தரும் காற்பங்குக்கு விவாதப் பகுதி இருக்கிறது. ஆனால் நான் பார்த்த அளவில் அங்கே மதிப்பெண்ணையும் கடைசித் தேதியையும் பற்றிய விசாரணைகளே மிகுதி. அந்த அரைப்பங்கு, பிறருக்கு உரைப்பதால் வரும் அந்தப் பெரும்பங்கு, நாற்பதிலும் இல்லை; மனச்சாட்சியோடு சொன்னால் அறுபதிலும் இல்லை. வகுப்பறையில் பேசியவன் நான், கேட்டிருந்தவர்கள் மாணவர்கள். அவர்கள் உரைக்க நான் கேட்டிருந்த நாட்கள் மிகச் சில. ஆகவே திரையைக் குறை கூறி வகுப்பறையைப் புகழும் எளிய வேலையை இந்தக் கட்டுரை மேற்கொள்ள முடியாது.

சன்னிதிக்கு வருவோம். உடம்பும் உடம்பும் ஓரிடத்தில் கூடுவதே சன்னிதி என்று நம் மரபு ஒருபோதும் சொன்னதில்லை. சைவ சித்தாந்தம் தீட்சையைப் பலவகையாகப் பகுக்கும்போது, குருவின் பார்வையால் நிகழ்வது நயன தீட்சை என்றும், கையால் தொடுவதால் நிகழ்வது பரிச தீட்சை என்றும், நினைப்பினாலேயே நிகழ்வது மானச தீட்சை என்றும் பகுத்து, அவற்றுக்கு மூன்று பிராணிகளை உவமை காட்டுகிறது. மீன் தன் முட்டையைப் பார்த்தே பொரிக்கிறது. பறவை சிறகால் அணைத்துப் பொரிக்கிறது. ஆமையோ முட்டையைக் கரையில் மணலுக்குள் புதைத்துவிட்டுக் கடலுக்குள் போய், அங்கிருந்து நினைத்தே பொரிக்கிறது. தொலைதூரக் கல்விக்கு இதைவிடப் பழைய, இதைவிட அழகிய உவமையை நான் அறியேன். இந்த விஷயத்தைப் பேசுவோர் பலர் ஏகலைவனிடம் போகிறார்கள். ஆனால் அந்தக் கதையின் நெருப்பு கட்டைவிரலில் இருக்கிறதேயன்றிக் களிமண் பிரதிமையில் இல்லை, அது அநீதியைப் பற்றிய கதை. ஆமையின் உவமைதான் தொலைவைப் பற்றியது. குரு எங்கே இருக்கிறார் என்று அது கேட்கவில்லை. குரு நினைத்துக்கொண்டிருக்கிறாரா என்று கேட்கிறது.

நினைப்பினால் முட்டை பொரியாது என்பதை நானும் அறிவேன். மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் ஆமைகள் ஆண்டுதோறும் தை மாதம் முதற்கொண்டு சென்னைக் கடற்கரையில் கரையேறி முட்டையிடுகின்றன. தாய் திரும்பி வருவதே இல்லை. ஏறக்குறைய ஐம்பது நாள் மணலின் வெப்பமே அந்த முட்டைகளை வளர்க்கிறது. நாய்களும் மனிதர்களும் தோண்டிவிடாமல் காப்பதற்காக, 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் அந்தக் கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பத்திரமான இடத்தில் புதைத்து, பொரித்து வரும் குஞ்சுகள் நகரத்து விளக்கொளியைக் கண்டு திசை தவறிப் போகாதபடி கடல் பக்கம் செலுத்திவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த யதார்த்தம் பழைய உவமையை அழிக்கவில்லை, நிரப்புகிறது. தொலைவிலிருந்து நினைக்கும் ஒருவர் வேண்டும். அது மட்டும் போதாது, மணலின் வெப்பம் வேண்டும், இரவில் காவலிருக்கும் யாரேனும் அருகில் வேண்டும்.

இந்த இரண்டையும் ஒரே மனிதருடைய வாழ்க்கையில் பார்க்கும் பாக்கியம் தமிழருக்குக் கிடைத்திருக்கிறது. உ. வே. சாமிநாதையர் 1871-ஆம் ஆண்டில் மாயூரத்துக்குப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோது, பாடம் உடனே அவர் விரும்பியவாறு தொடங்கிவிடவில்லை. பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் மரங்களையும் செடிகளையும் வைப்பித்து, அவை தளிர்த்திருக்கின்றனவா என்று காலைதோறும் பார்ப்பதில் பெருமகிழ்ச்சி கொண்டவர். அதை அறிந்துகொண்ட இளைஞர் விடியுமுன் எழுந்து தோட்டத்துக்குப் போய், எந்தச் செடியில் எங்கே புதுத்தளிர் விட்டிருக்கிறது என்று ஆராய்ந்து வைத்திருந்து, ஆசிரியர் வரும்போது ஒவ்வொன்றாகக் காட்டினார். தம் சரித்திரத்தில் அதற்குத் தளிர் ஆராய்ச்சி என்றே அவர் பெயரிட்டிருக்கிறார். ஆசிரியரின் உள்ளம் அந்தத் தளிர்களின் வழியாகத்தான் மாணவர் பக்கம் திரும்பியது. எந்த வருகைப்பதிவேட்டிலும் ஏறாத, எந்தக் கிரெடிட்டாகவும் மாறாத அந்தக் காலைப்பொழுதுகள் பாடத்துக்குப் புறம்பானவை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இருவர் ஒரே செடியைப் பார்த்து நின்றார்கள். முதலில் ஒருவர் கண்டதை மற்றவர் பின்னர்க் கண்டார். அதற்குப் பிறகு காவியத்தையும் அவ்வாறே பார்க்க முடிந்தது.

ஆனால் அதே சாமிநாதையர், ஆசிரியர் 1876-இல் மறைந்த பிறகு, கும்பகோணம் கல்லூரியில் பண்டிதராக இருந்த 1880-ஆம் ஆண்டில், சேலம் இராமசுவாமி முதலியார் ‘சீவக சிந்தாமணி படித்ததுண்டா’ என்று கேட்டதும் திகைத்து நின்றார். அந்த நூலைப் பாடம் சொல்லக்கூடிய ஆசிரியர் அவருக்கு இல்லை. இருந்தது நச்சினார்க்கினியரின் உரை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த ஒருவர், தாம் ஒருபோதும் காணமுடியாத மாணவனை எண்ணி ஏட்டில் பதிந்துவைத்துப் போன குரல். இன்றைய பாஷையில் சொன்னால், பதிவு செய்யப்பட்ட விரிவுரை. அந்தக் குரல் சொல்லியவற்றில் சைன சமயக் கருத்துக்கள் விளங்காமல் நின்றபோது, கும்பகோணத்திலேயே வாழ்ந்த சைனர்களைத் தேடிப்போய், அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் வழிபடும் முறையையும் அவர்கள் வீடுகளில் வழங்கும் சொற்களையும் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சேறி வெளிவந்தது. கலப்புமுறை என்னும் சொல் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, கடலுக்குள் மறைந்துவிட்ட ஆமையின் நினைப்பும் கரையிலிருந்த மணலின் வெப்பமும் கூடிக் கல்வி நடந்த விதம் அது. சைனர்கள் இல்லாதிருந்தால் உரை மட்டும் போதியிருக்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன். அதைவிட முக்கியமாக, மாயூரத்துத் தோட்டம் முன்னரே இல்லாதிருந்தால், தனியே ஓர் உரையின்முன் உட்கார்ந்து ஆண்டுக்கணக்காகப் பொறுத்திருக்கும் சக்தி அவருக்கு வந்திருக்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன். முதலாமாண்டு மாணவனுக்கும் முதுகலை மாணவனுக்கும் ஒரே நாற்பதை வகுக்கும் விதி இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை.

என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஊர் அடங்கியபோது, வேறு வழியின்றி நானும் கணினித் திரையின்முன் அமர்ந்தேன். அறுபதுக்கு மேற்பட்ட சின்னஞ்சிறு கட்டங்கள், பெரும்பாலானவை கறுப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். பாடம் கேட்போன் எழுதிவைத்த சித்திரம் போல அடங்கி அமர்ந்து, செவியே வாயாகவும் நெஞ்சே கலமாகவும் கொண்டு பருக வேண்டும் என்ற கருத்தை எத்தனையோ முறை நான் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். இங்கே சித்திரங்கள்கூட இல்லாமல் பெயர்கள் மட்டும் எஞ்சியிருந்தன. கேமராவைத் திறந்துவைக்க வேண்டும் என்று நான் அப்போது பணிபுரிந்த கல்லூரி ஆணையிட்டது. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டின் சுவரை வகுப்புக்குக் காட்ட எந்த இளம்பெண்ணுக்கு மனம் வரும்? நான் அந்த ஆணையை அமல்படுத்தவில்லை. வருகையை இணைப்பில் இருந்த நிமிஷங்களைக் கொண்டு கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கின்படி, செல்போனைத் திறந்துவைத்துவிட்டு உறங்கப்போனவனுக்கு வருகை முழுமையாக ஏறிற்று. தேனிப் பக்கத்து மலையடிவாரக் கிராமம் ஒன்றில், சிக்னல் கிடைப்பதற்காகத் தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஏறி நின்று கேட்ட மாணவிக்கு, இணைப்பு அடிக்கடி அறுந்ததால் எழுபத்தைந்து விழுக்காட்டுக்குக் குறைந்துபோயிற்று. அதைச் சரிசெய்ய நான் எழுதிய கடிதங்களுக்குக் கடைசிவரையில் பதில் வரவில்லை என்பதை இன்று நினைத்தாலும் மனம் வலிக்கிறது.

அந்த மாணவி ஓர் இரவு எனக்கு வாட்ஸப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பினாள். சங்கர வேதாந்தத்தில் கயிறு பாம்பாகத் தோன்றும் உவமையை அன்று காலையில் சொல்லியிருந்தேன். அவள் கேட்டாள்: “ஐயா, எங்க தெருவுல ஒரே ஒரு மங்கல் லைட்டுதான். அதான் யோசிச்சேன். கயிறு பாம்பாத் தெரியணும்னா கொஞ்சமாவது வெளிச்சம் வேணும்ல? கும்மிருட்டுல ஒண்ணுமே தெரியாதே. அப்போ தப்பாத் தெரியுறதுக்கும் வெளிச்சம்தான் காரணமா, ஐயா?” முப்பத்தோராண்டில் என் வகுப்பறையில், என் கண்ணெதிரே அமர்ந்திருந்த எவரும் கேட்காத கேள்வி அது. நான் உடனே அவளை அழைத்தேன். விடியும் வரையில் உதவும் விளக்காக மாயையைச் சொல்லும் உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயனை எடுத்துக்கொண்டு, சங்கரர் காட்டும் மாயைக்கும் சித்தாந்தம் காட்டும் மாயைக்கும் உள்ள பேதத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். இணைப்பு நான்கு முறை அறுந்தது; நான்கு முறையும் யாராவது ஒருவர் திரும்ப அழைத்தோம். என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு மணி நேரம் சன்னிதி. அவள் முகத்தை நான் காணவில்லை. அவள் நின்றிருந்த தெருவை மட்டும், அந்த மங்கலான விளக்கோடு, கண்டேன்.

சன்னிதி என்பது இன்னதென்று எனக்கு ஒருவாறு விளங்கியது அந்த இரவுக்குப் பிறகுதான். விளக்கியது மெய்கண்டாரின் சிவஞானபோதம். பதினோராம் சூத்திரத்தில், கண்ணையும் உயிரையும் உவமையாக வைத்து ஒரு நுட்பம் சொல்லப்படுகிறது. கண் தானே காணாது. உயிர் கண்ணோடு கலந்துநின்று அதற்குப் பொருளைக் காட்டுகிறது. அவ்வாறு காட்டுவதோடு நின்றுவிடாமல், கண் காண்பதைத் தானும் உடன் காண்கிறது. அதுபோலவே இறைவன் உயிருக்கு அறிவிப்பதோடு அல்லாமல், உயிர் அறிவதை உடனிருந்து தானும் அறிகிறான். சித்தாந்த நூலோர் முன்னதைக் காட்டும் உபகாரம் என்றும் பின்னதைக் காணும் உபகாரம் என்றும் பெயரிட்டு வழங்குவர். இறைவனுடைய செயலைப் பற்றிய இந்தப் பேருண்மையை ஆசிரியத் தொழிலுக்குப் பொருத்துவது தகுமா என்று தயங்கினேன். ஆயினும் குருவே சிவம் என்று கொள்ளும் மரபில் அந்தத் தயக்கம் தேவையில்லை என்று துணிகிறேன். காணொளி காட்டுகிறது, மிக நன்றாகவே காட்டுகிறது. என்னைவிடச் சிறந்த பேராசிரியர் ஒருவரின் விரிவுரையை மலையடிவாரத்துக்கும் கொண்டுபோய்க் காட்டுகிறது. அதைத் தடுக்க நினைப்பது பாவம். ஆனால் மாணவன் அதைப் பார்த்து என்ன கண்டான் என்பதை அது உடன் காண்பதில்லை. கயிற்றைப் பற்றிச் சொல்லும் காணொளிக்கு, கேட்டிருந்தவள் விளக்கைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது ஒருபோதும் தெரியாது. கொள்பவன் எவ்வகையில் கொள்கிறான் என்பதை அறிந்து கொடுக்க வேண்டும் என்று பவணந்தியாரும் ஆசிரியனுக்கு விதிக்கிறார்.

மெய்கண்டாரைப் பற்றிய ஐதிகம் ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. ஆகமங்களையெல்லாம் கரைகண்டவர் என்று பெயர்பெற்ற முதியவர், பின்னாளில் அருள்நந்தி சிவாசாரியார் எனப் போற்றப்பட்டவர், திருவெண்ணெய்நல்லூருக்கு வந்து, சிறுபிள்ளையான மெய்கண்டார் பிறருக்குப் பாடம் சொல்வதைப் பொறாமல், ஆணவ மலத்தின் சொரூபம் யாது என்று வினவினார். பிள்ளை வாய்திறக்கவில்லை, அவர் நின்ற நிலையையே சுட்டிக்காட்டியது. முதியவர் அந்தக் கணத்தில் அகந்தை கழன்று அதன் காலில் விழுந்தார். அந்தச் சுட்டுவிரலைப் படம்பிடித்து ஆயிரம் ஊர்களுக்கு அனுப்பலாம். எவரைச் சுட்டும்? அது எதிரே நின்ற ஒருவரைச் சுட்டிய விரல்; அவர் அங்கே வந்து நின்ற விதத்தைக் கண்டு, கண்டதையே பாடமாக்கிய விரல். எல்லாரையும் நோக்கி நீட்டப்பட்டால் அது ஒருவரையும் சுட்டாது.

காணும் உபகாரத்தைச் சட்டத்தில் எழுத முடியுமா என்று கேட்கலாம். ஒரு தேசம் முயன்று பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் மத்திய அரசின் மாணவர் நிதியுதவிக்காகத் தொலைக்கல்வியை வெறும் தபால்வழிப் பாடத்திலிருந்து பிரிக்கும்போது, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே ஒழுங்கானதும் சாரமுள்ளதுமான பரிமாற்றம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யூனிவர்சிட்டி என்னும் பெரிய ஆன்லைன் சர்வகலாசாலை அந்த நிபந்தனையை நிறைவேற்றவில்லை என்று கல்வித் துறையின் தணிக்கை அதிகாரி 2017-இல் முடிவுசெய்து, ஏறக்குறைய 71 கோடி டாலரைத் திருப்பித் தர வேண்டும் என்று பரிந்துரைத்தார். சட்டத்தின் வாசகம் தெளிவற்றிருந்ததைச் சுட்டி, 2019-இல் துறை அதை ஏற்க மறுத்துவிட்டது. பிறகு 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விதியில் அந்தச் சொற்களுக்கு இலக்கணம் வகுத்தார்கள்: நேரடியாகக் கற்பித்தல், மாணவனின் எழுத்தை மதிப்பிட்டுக் கருத்துச் சொல்லுதல், அவன் கேள்விக்கு விடையளித்தல், குழு விவாதத்தை நடத்துதல் முதலியவற்றில் இரண்டேனும் இருக்க வேண்டும், மாணவனின் ஈடுபாட்டைக் கவனித்து, தேவைப்படும்போது ஆசிரியரே முன்வந்து அவனோடு பேச வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைப் படித்தபோது எனக்கு ஆமைதான் நினைவுக்கு வந்தது. தாமே முன்வந்து பேச வேண்டுமானால், அதற்கு முன்பே அவனை நினைத்திருக்க வேண்டும் அல்லவா?

நம் நாட்டு விதிகளில் வேறொரு நுட்பம் மறைந்து கிடக்கிறது. மருத்துவம், செவிலியம், பொறியியல், சட்டம் முதலிய படிப்புகளை முழுவதும் ஆன்லைனில் நடத்திப் பட்டம் வழங்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் விலக்குகின்றன. அது சரியே, நோயாளியின் நாடியைத் திரை பிடித்துப் பார்க்க முடியாது. ஆனால் தத்துவமும் இலக்கியமும் அந்த விலக்கில் இல்லை. உடம்பைத் தொடும் வித்தைக்கு உடம்பு வேண்டும், உள்ளத்தைத் தொடும் வித்தைக்கு உடம்பு வேண்டாம் என்று அதற்குப் பொருள் கொள்ள நேர்கிறது. வைத்தியன் பிழைசெய்தால் வேறொருவர் உடனே வருந்துவார். தத்துவம் பிழையாகக் கற்றவன் தானே வருந்துவான், அதுவும் பல ஆண்டு கழித்து, ஒருவேளை காரணம் இன்னதென்று அறியாமலே. அரசாங்கம் முதலாவதைக் காக்கிறது. இரண்டாவதைக் காக்கும் பொறுப்பு ஆசிரியர்களுடையது. அதற்குச் சட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆயினும் விதி வகுக்கும் சபையொன்றில் எனக்குப் பேச இடம் கிடைக்குமானால் விழுக்காட்டைத் தொடமாட்டேன். ஆன்லைனில் ஒரு பாடத்தைக் கல்லூரி ஏற்குமானால், அந்தப் பாடத்துக்கு அந்தக் கல்லூரியிலேயே பெயர் குறிப்பிடப்பட்ட ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும் என்பேன். அவர் விரிவுரை செய்ய வேண்டியதில்லை. மாணவன் எழுதியதைப் படிக்க வேண்டும், வாரத்துக்கு ஒருமுறையேனும் அவனைத் தாமே அழைத்து அவன் கண்டதைக் கேட்க வேண்டும். அவர் பொறுப்பில் எத்தனை மாணவர்கள் என்பதற்கு, அவரால் எத்தனை பெயர்களை ஏடு பாராமல் நினைவில் வைத்திருக்க முடியுமோ அதுவே வரம்பு. அந்த உழைப்பை அவருடைய பணிநேரத்தில் கணக்கிட்டுச் சம்பளம் கொடுக்க வேண்டும். இல்லையேல் அது ஆறு மாதத்தில் வெறும் கையெழுத்தாகிவிடும். ஒரே பாடத்தைப் பார்க்கும் மாணவர்கள் வாரத்தில் ஒருநாள் ஓர் அறையில் கூடி, முறைவைத்து ஒருவர் மற்றவர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டும். அந்த அரைப்பங்கை அறுபதும் கொடுக்கத் தவறியிருக்கிறதே, இந்த வழியிலாவது அது திரும்பி வரட்டும். இணைப்பில் இருந்த நிமிஷங்களைக் கொண்டு வருகையைக் கணக்கிடும் வழக்கத்தை இன்றே விட்டுவிட வேண்டும்.

சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில், என் தம்பி மகனை மதுரையில் ஒரு தேர்வு மையத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். இந்தப் படிப்புகளில் பன்னிரண்டு வாரம் திரையில் பார்த்தாலும், இறுதித் தேர்வை நேரில் ஒரு மையத்துக்கு வந்தே எழுத வேண்டும். தேர்வு முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். திண்டுக்கல்லிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்தவர்கள். ஒரே பேராசிரியரை மூன்று மாதம் கண்டவர்கள், ஒருவரையொருவர் அன்றுதான் கண்டார்கள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பேருந்துக்குப் போக வேண்டியவர்கள் போகாமல், வேப்பமர நிழல் விழுந்த படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு கணக்கின் விடையில் அவர்களுக்குள் அபிப்பிராய பேதம். சிவகாசிப் பையன் ஒருவன் தன் ஹால் டிக்கெட்டைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு அதன் பின்புறத்தில் வரைந்து காட்டத் தொடங்கினான். மற்றவர்கள் சுற்றிவந்து குனிந்தார்கள். “இல்லடா, அந்த எடத்துல சைன் மாறும்” என்று ஒரு பெண் பேனாவை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். என் தம்பி மகனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். ‘போகலாமா, தம்பி’ என்று கேட்க வாயெடுத்தவன், கேட்காமல் எதிர்ப்பக்கத்துத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் எழுந்தபோது நிழல் படிக்கட்டை விட்டு நகர்ந்துவிட்டிருந்தது.